நடைக்கு முந்தின நாள்

கொடைக்கானலில் மலைநடைக்குக் கூட்டிப்போகச் சொல்லி வருகிற போன்களில் முதல் கேள்வி அநேகமாக ஒன்றாகவே இருக்கும்: "மொத்தம் எத்தனை கிலோமீட்டர்ண்ணே?" நான் பதிலுக்கு, "பழனியில கடைசியா எப்ப படியேறுனீங்க?" என்பேன். அங்கே ஏறத்தாழ 690 படிகள். நடுவில் எத்தனை இடத்தில் உட்கார்ந்தார்கள், இறங்கும்போது முட்டி நடுங்கியதா, போகும்போது படியும் வரும்போது வின்ச்சுமா என்று பேச்சோடு பேச்சாகக் கேட்டுக்கொண்டால் ஆளின் மூச்சும் காலும் ஓரளவு பிடிபட்டுவிடும். பழனிக்கே போகாதவரிடம் வீட்டு மாடிப்படியைப் பற்றிக் கேட்பேன். கிலோமீட்டரை வைத்து மலையில் ஒன்றும் சொல்ல முடியாது. வட்டக்கானலிலிருந்து வெள்ளகெவி வழியாகக் கும்பக்கரைக்கு இறங்குகிற பாதையைத் தூரத்தை மட்டும் சொல்லி விவரித்தால், கேட்கிறவருக்கு மெரினாவில் காலார நடக்கிற மாதிரிதான் தோன்றும். கொடைக்கானல் கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,100 மீட்டர் உயரம். கும்பக்கரை அருவி இருப்பது பெரியகுளம் பக்கத்து மலையடிவாரத்தில். அவ்வளவு உயரத்தையும் ஒரே பகலில் இரண்டு முட்டிகள் இறக்கி வைக்க வேண்டும்.

நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி 1892-இல் ஒரு கணக்குச் சொல்லி வைத்தார். மூன்று மைலுக்கு ஒரு மணி நேரம். ஏறுகிற ஒவ்வொரு 2,000 அடிக்கும் இன்னொரு மணி நேரம். நடந்து பழகிய தனி ஆளுக்கு அது சரியாகவே வரும். குழுவுக்கு வராது. பன்னிரண்டு பேர் போகும்போது ஒருவர் ஷூவுக்குள் விழுந்த கல்லை எடுக்க மூன்று நிமிடம் நின்றால் பன்னிரண்டு பேரும் நிற்கிறார்கள். ஆளுக்கு ஒரு தடவை நின்றாலே அரை மணிக்கு மேல் போய்விடும். போட்டோ எடுப்பது, தண்ணீர் குடிப்பது, ஒதுங்கப் போவது எதுவும் இதில் சேரவில்லை. ஆகவே குழுவில் மெதுவாக நடக்கிறவர் யாரென்று பார்த்து, அவருக்கு ஆகிற நேரத்தோடு அதில் பாதியைக் கூட்டித்தான் நாளைத் திட்டமிடுகிறேன். அந்த ஆள் யாரென்பது கிளம்புவதற்கு முன்பே தெரிந்தாக வேண்டும். நடுக்காட்டில் தெரியவந்தால் பிரயோஜனமில்லை.

தொழில் எனக்கு மாமாவிடமிருந்து வந்தது. கூடாரம் போட வருகிறவர்களுக்குச் சுமை தூக்கப் போனவர், பிறகு அவர்களுக்கு வழிகாட்டுகிறவராக ஆனார். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அவர் பின்னால் நான் போக ஆரம்பித்தேன். முந்தின நாள் சாயங்காலம் அவர் செய்கிற வேலை ஒன்றே ஒன்று. வெள்ளகெவிக்காரர்கள் குதிரைகளில் சரக்கு ஏற்றிக்கொண்டு மேலே வருவார்கள். அந்த ஊருக்கு அப்போது ரோடு கிடையாது. அவர்கள் டீ குடிக்கிற கடையில் போய் உட்கார்ந்துகொள்வார். எந்த இடத்தில் மரம் விழுந்திருக்கிறது, ஓடையில் எவ்வளவு தண்ணீர், கீழ்க்காட்டில் யானைச் சாணம் பார்த்தார்களா, அது ஈரமா காய்ந்ததா என்று ஒவ்வொன்றாக வாங்குவார். "வழியைக் கேக்காத மாப்ள. வழியில என்ன மாறியிருக்குன்னு கேளு" என்பார். தெரிந்த பாதையை இன்னொரு தடவை பார்த்துவிட்டு வா என்று காசு கொடுத்து யாரும் அனுப்பாத காலம் அது. அந்த டீக்கடைதான் அவருக்கு எல்லாத் தகவலும் கொடுத்தது.

அப்போது வந்த குழுக்கள் வேறு. கல்லூரி மாணவர்கள் வாத்தியாரோடு வருவார்கள். எந்தப் பையனுக்கு வீசிங் இருக்கிறது, யார் பிடிவாதக்காரன் என்று வாத்தியாருக்குத் தெரியும். எங்களுக்கு மலை தெரிந்திருந்தால் போதும். இப்போது வாட்ஸ்அப்பில் பணம் கட்டிவிட்டு வருகிற பன்னிரண்டு பேரும் ஒருவரையொருவர் முதல்முறை பார்ப்பது காலை ஆறு மணிக்கு, என் எதிரில்தான். மலையை நான் அறிவேன். எதிரில் நிற்கிற ஒருவரைக்கூட அறிய மாட்டேன். இந்த முப்பது வருஷத்தில் என் வேலையில் நடந்த பெரிய மாற்றம் இது. பாதையைத் தயார் செய்வதைவிட ஆட்களைத் தெரிந்துகொள்வதற்குத்தான் இப்போது அதிக நேரம் ஆகிறது.

அதில் முதலாவது, ராத்திரி பஸ். சென்னையிலிருந்தோ பெங்களூரிலிருந்தோ இரவு டெம்போ டிராவலரில் ஏறி, வத்தலக்குண்டு தாண்டிக் கொண்டைஊசி வளைவுகளில் வாந்தி எடுத்து, விடியற்காலையில் வந்து இறங்கி, முகம் கழுவி ஒரு காபி குடித்துவிட்டு அப்படியே நடக்கிற திட்டத்தோடு வருகிறார்கள். ஒரு நாள் ரூம் வாடகை மிச்சம் என்ற கணக்கு. தூங்காத உடம்பு, காலியான வயிறு, வாந்தியில் போன தண்ணீர். நடை ஆரம்பிப்பதற்கு முன்பே அந்த ஆள் பாதி நாள் நடந்து முடித்த நிலையில் இருக்கிறார். இந்த உயரத்தில் மலைநோய் பெரும்பாலும் வருவதில்லை. மயங்கி உட்காருகிறவர்களில் பெரும்பாலோர் ராத்திரி தூங்காதவர்களே. முந்தின நாள் மதியத்துக்குள் மலைக்கு வந்துவிட வேண்டும், எட்டு மணிக்குச் சாப்பாடு, பத்து மணிக்குப் படுக்கை என்பதை நான் நிபந்தனையாகவே வைத்திருக்கிறேன். இ-பாஸையும் அப்போதே நினைவுபடுத்திவிடுவேன். 2024 மே 7 முதல் உயர்நீதிமன்ற உத்தரவின்படி கொடைக்கானலுக்கும் நீலகிரிக்கும் வருகிற வண்டிகளுக்கு அது வேண்டும். சோதனைச்சாவடியில் நின்று போனில் சிக்னல் தேடுகிற குழு ஒரு மணி நேரத்தை அங்கேயே விட்டுவிட்டு வரும்.

இரண்டாவது, மாத்திரை. "உடம்புக்கு ஏதாவது பிரச்சினை இருக்கா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டால் எல்லோரும் இல்லை என்றுதான் தலையாட்டுவார்கள். படிவத்தில் எழுதச் சொன்னாலும் அப்படித்தான். ஆகவே ராத்திரி சாப்பாட்டு நேரத்தில் ஒவ்வொருவர் பக்கத்திலும் போய் உட்கார்ந்து, "காலையில வெறும் வயித்துல என்ன மாத்திரை போடுவீங்க?" என்று கேட்பேன். கேள்வி இப்படி இருந்தால் பதில் தானாக வரும். தைராய்டு மாத்திரை, பிரஷர் மாத்திரை, சர்க்கரைக்கு இரண்டு வேளை. ஸ்டென்ட் வைத்து ஆறு மாதம் ஆகிறது என்று ஒருவர் தோசையைப் பிய்த்துக்கொண்டே சொன்னார். படிவத்தில் அவர் எழுதியிருந்தது 'நலம்'. அவரை மறுநாள் வட்டக்கானலில் டால்பின் நோஸ் பாறை வரைக்கும்கூடக் கூட்டிப் போகவில்லை. டாக்டரிடம் எழுதி வாங்கி வாருங்கள், அடுத்த மாதம் நானே கூட்டிப் போகிறேன் என்றேன். கோபப்பட்டார். அந்தக் கோபத்தை வாங்கிக்கொள்வதும் வேலையில் சேர்ந்ததுதான். சர்க்கரை உள்ளவர்களுக்கு வேறு மாதிரி சொல்வேன். வழக்கமான மாத்திரையைப் போட்டுவிட்டு வழக்கமில்லாத நடை நடந்தால் சர்க்கரை சட்டென்று இறங்கும். வியர்த்து, கை நடுங்கி, சம்பந்தமில்லாமல் பேசுவார்கள். குளுக்கோஸ் பொட்டலம் பைக்குள் அடியில் கிடக்கக் கூடாது, சட்டைப்பையில் இருக்க வேண்டும். பக்கத்தில் நடக்கிறவருக்கும் அது எந்தப் பையில் என்று தெரிந்திருக்க வேண்டும்.

மூன்றாவதைப் பல வருஷங்கள் யாரும் எனக்குச் சொல்லவில்லை. குழுவில் பெண்கள் மதியத்துக்கு மேல் தளர்ந்துபோவதையும் தலைவலி என்று உட்காருவதையும் பார்த்து, பழக்கம் போதவில்லை என்றே நாங்கள் எல்லோரும் பேசிக்கொண்டிருந்தோம். பிறகு வெள்ளகெவிப் பக்கத்து அக்கா ஒருவர் உதவிக்குக் கூட வர ஆரம்பித்தார். முதல் நாளே சொன்னார்: "அதுங்க தண்ணியே குடிக்கல தம்பி. குடிச்சா ஒதுங்கணும்ல. ஆம்பளைங்க முன்னாடியும் பின்னாடியும் நடந்தா எங்க ஒதுங்குறது?" அன்றிலிருந்து பெண்கள் இருக்கிற குழுவோடு ஒரு பெண் துணை இல்லாமல் நான் கிளம்புவதில்லை. மறைவான இடங்களை முன்கூட்டியே பார்த்து வைத்து, இத்தனை மணிக்கு இந்த இடத்தில் நிற்போம், ஆண்கள் வளைவு தாண்டிப் போய் நிற்க வேண்டும் என்று முந்தின நாளே எல்லோருக்கும் சொல்லிவிடுகிறோம். தண்ணீர் பாட்டில்கள் காலியாக ஆரம்பித்தன. மதியத் தலைவலியும் பெரும்பாலும் போய்விட்டது.

பிறகு ஷூ. இதைச் சோதிக்காமல் நான் யாரையும் நடத்திக்கொண்டு போக மாட்டேன். புது ஷூ கடிக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். பழைய ஷூவின் ஆபத்து தெரியாது. நான்கைந்து வருஷத்துக்கு முன் நல்ல விலை கொடுத்து வாங்கி, இரண்டு தடவை போட்டுவிட்டு, அலமாரியில் பத்திரமாக வைத்திருந்த ஷூவை எடுத்து வருவார்கள். மேலே பார்த்தால் புதுசு. ஆனால் அடிப்பாகத்துக்கும் மேல்தோலுக்கும் நடுவில் இருக்கிற பஞ்சு மாதிரியான பாலியூரித்தேன் அடுக்கு, காற்றின் ஈரத்தை வாங்கி வாங்கி உள்ளுக்குள்ளேயே இற்றுப்போகும். போட்டு நடந்தால்கூட அவ்வளவு சீக்கிரம் கெடாது. சும்மா வைத்திருந்தால் கெடும். முதல் ஒரு மணி நேரம் ஒன்றும் ஆகாது. ஈரப்பாறையில் ஒரு தடவை முன்கால் மடங்கும்போது அடிப்பாகம் குதிகாலிலிருந்து வாயைத் திறக்கும். அரை மணியில் மொத்தமாகக் கையோடு வந்துவிடும். அதனால் ராத்திரியே எல்லா ஷூவையும் வராந்தாவில் வரிசையாக வைக்கச் சொல்லி, ஒவ்வொன்றையும் கையில் எடுத்து, நுனியையும் குதிகாலையும் பிடித்து வில்லாக வளைத்துப் பார்ப்பேன். விளிம்பில் கட்டைவிரல் நகத்தை வைத்து அழுத்துவேன். நல்லதாக இருந்தால் அமுங்கி மீளும். கெட்டது பொரபொரவென்று உதிரும். உதிர்ந்தால் கொடைக்கானல் கடைத்தெருவில் சாதாரண கேன்வாஸ் ஷூ வாங்கிக்கொள்ளச் சொல்வேன். அப்படியும் என் பையில் நைலான் கயிறும் துணி டேப்பும் எப்போதும் உண்டு.

ஷூவோடு சேர்த்து நகத்தையும் பார்ப்பேன். இறக்கத்தில் பாதம் முன்னால் சரிந்து, ஒவ்வொரு அடிக்கும் பெருவிரல் நகம் ஷூவின் நுனியில் முட்டும். ஆயிரக்கணக்கான அடிகள் முட்டினால் நகம் கறுத்து, சில வாரத்தில் கழன்றுவிடும். முந்தின ராத்திரி ஒட்ட வெட்டிக்கொண்டு, காலையில் கணுக்கால் பக்கத்துக் கயிற்றை இறுக்கிக் கட்டினால் போதும். ஏற்றத்துக்குத் தளர்த்திக் கட்டு, இறக்கத்துக்கு இறுக்கிக் கட்டு என்பதை ஒருவருக்குச் செய்து காட்டினால் மற்றவர்கள் பார்த்துச் செய்துகொள்வார்கள்.

சாப்பாட்டுக்குப் பெரிய யோசனை தேவையில்லை. புளிசோறு வாழையிலையில் கட்டினால் மதியம் வரைக்கும் கெடாது. பழனி மலையிலேயே விளைகிற விருப்பாச்சி வாழைப்பழம், கடலைமிட்டாய், உப்புச் சேர்த்த எலுமிச்சைச் சாறு. பிளாஸ்டிக் பாட்டிலும் பையும் மேலே வரக் கூடாது. அட்டைக் காலத்தில் முட்டி வரைக்கும் துணி உறை போட்டுக்கொள்ள வேண்டும். கடித்த அட்டையைப் பிடித்து இழுக்காமல் வாய்ப் பக்கத்தில் நகத்தை விட்டு நெம்பினால் வந்துவிடும். ரத்தம் கொஞ்ச நேரம் நிற்காது, அதற்குப் பயப்பட வேண்டாம் என்று முன்பே சொன்னால் யாரும் அலற மாட்டார்கள். சென்ட் மட்டும் கூடவே கூடாது. பாறை விளிம்பில் தொங்குகிற மலைத்தேனீக்குக் கடுமையான வாசனையும் புகையும் ஆகாது.

காட்டெருமைதான் இப்போது தனியாகப் பேச வேண்டிய விஷயமாகிவிட்டது. நான் சின்னப் பையனாக இருந்தபோது தூரத்தில் ஒன்று நின்றால் கூப்பிட்டுக் காட்டுவார்கள். இப்போது கொடைக்கானல் கடைத்தெருவிலேயே நடந்து போகிறது. வெட்டவெளிப் புல்மலைகளில் சீகையும் பைனும் யூகலிப்டஸும் ஏறிக்கொண்டதில் அதற்கு மேய்ச்சல் எங்கே மிச்சம்? தினமும் பார்க்கிறதால் டவுன்காரர்களுக்கே பயம் விட்டுப்போயிற்று, வெளியூர்க்காரர்கள் செல்பி எடுக்கப் போகிறார்கள். குழுவுக்கு நான் சொல்வது: முன்னால் போகிறவர் கையைத் தூக்கினால் எல்லோரும் அங்கேயே நிற்க வேண்டும், பேச்சு நிற்க வேண்டும். அது போகட்டும் என்று வழியை விட வேண்டும். கன்றுக்கும் தாய்க்கும் நடுவில் ஒருநாளும் போய்விடக் கூடாது. ஓடக் கூடாது. இதைப் பாதையில் வைத்துச் சொன்னால் காதில் ஏறாது. முந்தின ராத்திரி சொல்லி, ஒரு தடவை கையைத் தூக்கி நிறுத்திப் பழக்கியும் பார்ப்போம். பெரியவர்களுக்குக் கொஞ்சம் கூச்சமாக இருக்கும், ஆனாலும் செய்வார்கள்.

2018 மார்ச் 11-ஐ எங்கள் மலைப் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை. போடிக்கு மேலே குரங்கணி மலையில் இறங்கிக்கொண்டிருந்த குழுக்கள் காட்டுத்தீயில் மாட்டிக்கொண்டன. 20 பேருக்கு மேல் இறந்துபோனார்கள். ஹெலிகாப்டர் வருவதற்கு முன்னால் மேலே ஏறிப் போனவர்கள் அந்த மலை ஊர்க்காரர்கள். போர்வையிலும் டோலியிலும் கட்டித் தூக்கி வந்தார்கள். அங்கே இறந்தவர்களும் ஒரு ஞாயிற்றுக்கிழமை நல்லபடியாக நடந்துவிட்டு வரலாம் என்று வீட்டில் சொல்லிவிட்டு வந்த பிள்ளைகள்தான். அந்த வாரம் முழுக்க நாங்கள் வழிகாட்டிகள் கூடிக்கூடிப் பேசினோம். பேசப் பேச ஒன்று தெளிவாயிற்று: மார்ச் மாதத்துக் காய்ந்த புல்லில் தீப் பிடித்துவிட்டால் பெரும்பாலும் எந்த வழிகாட்டியாலும் ஒன்றும் செய்ய முடியாது. தீ மேட்டை நோக்கி மனிதன் ஓடுவதைவிட வேகமாக ஏறும். புல் ஆளுயரம் நிற்கிற சரிவில் ஒளிய இடம் கிடையாது. தப்பிக்கும் வழி என்று எதையாவது சொல்லிக்கொடுக்கலாம். ஏற்கெனவே எரிந்து முடிந்த இடத்துக்கோ வெறும் பாறைக்கோ போ, மேலே ஓடாதே என்று. ஆனால் உண்மையான தயாரிப்பு அந்த மாதத்தில் போகாமல் இருப்பது.

அன்றைக்குப் பிறகு மலைநடை மொத்தமாக நிறுத்தப்பட்டது. வேலை இல்லாமல் எங்களில் பலர் ஓட்டல் வேலைக்கும் தோட்டக் கூலிக்கும் போனோம். அந்த வருஷமே குறிஞ்சி பூத்தது. மலை நீலமாக நின்றபோது கூட்டிப்போக அனுமதி இல்லாத இடங்களுக்கெல்லாம் கூட்டிப்போகச் சொல்லி ஆட்கள் கெஞ்சினார்கள். அதே 2018-இல் அரசு மலையேற்றத்துக்கென்று விதிகள் கொண்டுவந்தது. 2024 அக்டோபரில் 'ட்ரெக் தமிழ்நாடு' என்று 40 பாதைகளைத் திறந்தார்கள். எளிது, நடுத்தரம், கடினம் என்று பாதைகளைப் பிரித்து, அந்தந்தக் காட்டு ஊர்ப் பிள்ளைகளுக்கே பயிற்சி கொடுத்து வழிகாட்டிகளாக ஆக்கினார்கள். தீக்காலத்தில் பாதைகளை மூடிவிடுகிறார்கள். மூடுகிற இரண்டு மாதத்தில் கையில் காசு புரளாது என்று எங்களுக்குத் தெரியும். தெரிந்தும், அந்த மூடுதலை நான் மனதார ஆதரிக்கிறேன். நடந்தே தீருவோம் என்று பிப்ரவரிக் கடைசியில் நச்சரிக்கிறவர்களிடம் குரங்கணி என்ற ஒரு பெயரைச் சொல்லி முடித்துவிடுவேன்.

எல்லாத் தயாரிப்பிலும் எனக்கு மிக முக்கியமானது, திரும்புகிற நேரம். கிளம்பும் நேரத்தை எல்லோரும் குறித்துக்கொள்கிறார்கள். எந்த மணிக்கு மேல் முன்னால் போகப் போவதில்லை என்பதை யாரும் குறித்துக்கொள்வதில்லை. எங்கள் பக்கத்தில் அந்தி நீளாது. சூரியன் மறைந்த அரை மணிக்குள் காட்டுக்குள் கால் வைக்கிற இடம் தெரியாது. மதியத்துக்கு மேல் மேகம் இறங்கிவிட்டால் அதற்கு முன்பே அதே கதிதான். சித்திரை வைகாசியில் மூன்று மணிக்கு இடியோடு மழை. ஆகவே முந்தின ராத்திரி எல்லோரையும் உட்கார வைத்துச் சொல்வேன்: "வெள்ளகெவியை 12 மணிக்குள்ள தொடலைன்னா கும்பக்கரைக்கு இறங்க மாட்டோம். மேல திரும்பிடுவோம். இதுக்கு இப்பவே சரின்னு சொல்லணும்." ஒவ்வொருவரும் வாயைத் திறந்து சரி என்று சொல்கிற வரைக்கும் நான் எழுந்திருப்பதில்லை. பாதையில் வைத்துத் திரும்பலாம் என்றால் அது யாரோ ஒருவரின் தோல்வியாகிவிடுகிறது. மெதுவாக நடந்தவரை மற்றவர்கள் பார்க்கிற பார்வையே மாறும். முந்தின நாளே ஒத்துக்கொண்டதாக இருந்தால் கடிகாரம் சொன்னது, அவ்வளவுதான்.

இந்த நேரத்தைக் குழுவில் வராத ஒருவரிடமும் சொல்லி வைக்க வேண்டும். கும்பக்கரையில் வண்டியோடு காத்திருக்கப் போகிற டிரைவரிடம் சீட்டில் எழுதிக் கொடுப்பேன்: இத்தனை பேர், இத்தனை மணிக்குக் கிளம்பினோம், ஆறு மணிக்குள் வரவில்லை என்றால் இந்த நம்பர்களுக்குப் போன் போடு. 108 ஆம்புலன்ஸ் ரோடு முடிகிற இடம் வரைக்கும்தான் வரும். அதற்கு மேல் டோலிதான். நடக்க முடியாத ஒருவரை மலைப்பாதையில் தூக்கி வர நான்கு பேர் தூக்க, நான்கு பேர் மாற்றிக்கொள்ள என்று எட்டுப் பேராவது வேண்டும். வெள்ளகெவி மக்கள் தங்கள் நோயாளிகளையும் பிள்ளைத்தாய்ச்சிகளையும் அப்படித்தான் தூக்கி வந்திருக்கிறார்கள். நாங்கள் அந்த ஊரைக் கடந்து போகும்போது அவர்கள் வழக்கப்படி ஷூவைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டுதான் ஊருக்குள் நடக்க வேண்டும். கழற்ற மாட்டேன் என்கிறவரை நான் கூட்டிப் போவதில்லை. காலொடிந்தால் தூக்கப் போகிறவர்கள் அவர்கள்.

இவ்வளவுக்கும் ஒரு முழு நாள் ஆகிறது. பாதையைப் பாதி தூரமாவது போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டும்; மழை பெய்த மறுநாள் என்றால் ஓடை வரைக்கும் கட்டாயம். அனுமதிச் சீட்டு, ஆட்களோடு பேச்சு, ஷூ, சாப்பாட்டுக்குச் சொல்வது. குழுக்கள் எங்களுக்குக் கொடுப்பது நடந்த ஒரு நாளுக்கு மட்டும். மாமா காலத்திலும் அப்படித்தான், டீக்கடையில் உட்கார்ந்த சாயங்காலத்துக்கு அவருக்கு யாரும் கொடுக்கவில்லை. புதிதாக வந்திருக்கிற பையன்களும் பெண்களும் இதைக் கேட்கக் கூச்சப்படுகிறார்கள். கேட்டால் அடுத்த தடவை வேறு ஆளைக் கூப்பிட்டுவிடுவார்களோ என்ற பயம். கூச்சத்தில் முன்வேலையைக் குறைக்க ஆரம்பிக்கிறார்கள். ஓடையைப் பார்க்கப் போவதில்லை, ஷூவை வளைத்துப் பார்ப்பதில்லை. அதனால் நான் இப்போது கூலி பேசும்போதே இரண்டு நாள் என்றுதான் பேசுகிறேன், கூட வருகிற அக்காவுக்கும் இரண்டு நாள். முதல் நாள் என்னென்ன செய்வோம் என்பதை எழுதியே அனுப்பிவிடுகிறேன். பன்னிரண்டு பேர் பிரித்துக்கொண்டால் தலைக்கு ஆகிற தொகை, ராத்திரி பஸ்ஸில் வந்து அவர்கள் மிச்சம் பிடிக்க நினைத்த ரூம் வாடகையைவிடக் குறைவு. பாதிக் குழுக்கள் சரி என்கிறார்கள். மற்றவர்களிடமும் தொடர்ந்து பேசிக்கொண்டிருக்கிறேன்.